அது யாருடைய நாய்?



நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடும் பெற்றோரிடம் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "அது யாருடைய நாய்?" என்பதாகும். "பக்கத்து வீட்டு நாய், தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது, இப்போதும் வாசலில்தான் கட்டிக் கிடக்கிறது" என்று பதில் சொல்ல முடிந்தால் வைத்தியருக்கு ஒரு வழி தெரிகிறது. அந்த நாயை 10 முதல் 14 நாட்கள் வரை கவனித்து, சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவரால் தீர்மானிக்க முடியும். "லயத்துப் பக்கம் திரிகிற நாய், யாருடையதென்று தெரியாது" என்பது பதிலானால், நாய்க்கு நோய் இருக்கிறதென்றே எண்ணி அவர் நடக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு முழுத் தடுப்பூசி. காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியும் மருந்து. ஹல்துமுல்லையின் கீழ்ப்பக்கத் தோட்டமொன்றிலிருந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறிப் போய்வர ஒரு நாள் போகிறது. அந்த ஒரு நாளில் தாயின் நாட்சம்பளமும் போகிறது. இப்படிப் பல நாட்கள்.

நாயின் சொந்தக்காரர் யார் என்று சொல்ல ஆளில்லாத காரணத்தால் இத்தனை துன்பமும் ஒரு பிள்ளையின் தலையில் விழுகின்றது. ஆகவே இது சுகாதாரப் பரிசோதகர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. நம் மனச்சாட்சியைத் தொடும் விஷயமுமாகும். "என்னுடையது" என்று ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது நாம் உண்மையில் எதைச் சொல்கிறோம்? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

நமது தோட்டங்களில் நாயில்லாத லயம் இல்லை. காட்டுப்பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தைக் கிளறாமல் காப்பது நாய். பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போன பின்னர் பூட்டிய வீட்டு வாசலில் படுத்துக் கிடப்பதும் நாயே. மிஞ்சிய ரொட்டியையும் சோற்றையும் இந்த வீட்டிலும் அந்த வீட்டிலுமாக அது தின்கின்றது. பன்றியை விரட்டிய அன்று அது "நம்ம நாய்". பிள்ளையைக் கடித்த அன்றோ, "அது ஊர் நாய், யாருடையதோ!" ஒரே நாய்தான். காலையில் ஐந்து வீட்டாருக்குச் சொந்தமாக இருந்தது, மாலையில் ஒருவருக்கும் சொந்தமில்லாமற் போய்விடுகின்றது.

இங்கேதான் தவறு. சோறு போடுவது இரக்கம். வளர்ப்பது பொறுப்பு. இரக்கம் நல்லதே; ஆனால் பொறுப்பின் இடத்தை இரக்கம் நிரப்பிவிடாது. ஒரு பிராணியின் பயனை நான் அனுபவிக்கின்றேன் என்றால், அதனால் பிறருக்கு விளையும் தீங்குக்கும் நானே பதில் சொல்ல வேண்டும். பயனை எடுத்துக்கொண்டு பதிலை மறுப்பவன் உரிமையாளன் அல்லன்.

பழைய ஏற்பாட்டின் விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரத்தில், முட்டும் மாட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கின்றது. மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் உரிமையாளன் மேல் பழியில்லை என்கிறது அச்சட்டம். ஆனால் அது முட்டும் வழக்கமுள்ள மாடென முன்னரே தெரிந்து, உரிமையாளனுக்கு எச்சரிக்கையும் தரப்பட்டு, அதன் பின்னரும் அவன் அதைக் கட்டிக் காக்காமல் விட்டிருந்தால், பழி அவனையே சேரும். இங்கே பிழை மாட்டினுடையது அன்று. தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்ட மனிதனுடையது. செய்யத் தகாததைச் செய்வது மட்டுமன்றி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவமே என்று நாம் சிறு வயதிலேயே படித்திருக்கின்றோம். தடுப்பூசி போடாமல் நாயை அவிழ்த்துவிடுபவர் இதைத் தம்மோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டவை. நாய் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட விதி. ஆனால் அந்தப் பதிவேட்டில் தம் நாயின் பெயரை எழுதிய குடும்பங்கள் நம் லயங்களில் எத்தனை என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

1973ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 20, 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. கடிபட்டவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையும், நாய்களுக்குப் போடும் தடுப்பூசியும் இதற்குப் பெருங் காரணங்கள். என்றாலும் நோயின் அறிகுறி வெளிப்பட்ட பின்னர் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ஆகவே ஒரு மரணம் கூட அதிகமே. ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2006ஆம் ஆண்டில் அரசாங்கம் தெருநாய்களைக் கூட்டமாகக் கொல்வதைக் கைவிட்டது. மகிழ வேண்டிய முடிவுதான். ஆனால் கொல்வதை நிறுத்திய நாட்டில் வளர்ப்பவரின் கடமை இரட்டிப்பாகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி, மேல்நாடுகளிலும் நமது பெரிய நகரங்களிலும் பேசப்படும் மைக்ரோசிப் என்ற கருவிக்கு வருவோம். அது ஒரு நெல்மணியளவே இருக்கும். ஊசி மூலம் நாயின் முதுகில், தோள்களுக்கிடையே, தோலின் கீழ் வைக்கப்படுகின்றது. அதனுள் பட்டரி இல்லை. நாய் எங்கே நிற்கிறதென்று அது காட்டாது. வாசிக்கும் கருவியை மேலே பிடித்தால் பதினைந்து இலக்கமுள்ள ஓர் எண்ணை மட்டும் தெரிவிக்கும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் நாயின் உடம்பில் இல்லை. எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் இருப்பது பழைய இலக்கமானால், நாயின் தோலுக்குள் இருப்பது ஒரு ஊமைத் துண்டே தவிர வேறில்லை.

இதை உணர்ந்துதான் பிரித்தானியாவில் 2016 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நாய்க்குச் சிப் பொருத்துவதோடு நின்றுவிடவில்லை. விபரங்கள் சரியாக இருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. தவறுவோருக்கு 21 நாள் அவகாசம் கொடுத்து அறிவித்தல் அனுப்பலாம். அதன் பின்னும் திருத்தாவிட்டால் 500 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். கருவியை விட முகவரிக்கே அச்சட்டம் மதிப்பளிக்கின்றது.

பதிவேடு ஒரு முறை எழுதி மூடிவைக்கும் புத்தகமன்று என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. நம் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். குழந்தையின் பெயரை எழுதியதோடு அப்பக்கம் முடிந்துவிடுவதில்லை. அக்குழந்தை வளர்ந்து, வேறொரு பங்கில் திருமணம் செய்தாலும், அச்செய்தி இங்கே வந்து அதே பெயரின் ஓரத்தில் எழுதப்படுகின்றது. ஒருவரின் வாழ்வு மாறும்போது அவரைப் பற்றிய ஏடும் மாற வேண்டும். நாய்க்கும் இதே முறைதான். வீடு மாறினீர்களா? சிம் மாற்றினீர்களா? கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும்போது நாயை அண்ணன் வீட்டில் விட்டுச் சென்றீர்களா? அப்படியானால் ஏட்டில் இருப்பது இன்றைய உண்மையன்று. "என் நாய்" என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி ஒரு நாள் கொடுப்பது. பல ஆண்டுகள் காப்பது.

பதிவேட்டின் அருமையை மலையக மக்களாகிய நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெயர் ஏட்டில் ஏறாமற் போனவர்களின் பிள்ளைகள் நாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் கடிதங்கள் லயத்து வீட்டுக்கு நேராக வருவதில்லை. தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வருகின்றன. மனிதரின் உரிமையையும் பிராணியின் பதிவையும் சமமாக வைப்பதற்காக இதை எழுதவில்லை. அப்படி வைப்பது நம் பெற்றோரின் துயரத்தை அவமதிப்பதாகும். சரியான பெயரும் சரியான முகவரியும் எவ்வளவு பெரிய காரியங்கள் என்று நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள் என்பதற்காகவே எழுதுகிறோம். அறிந்தவர்களிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயந்தானே?

நம் பிரதேசத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவர் மறப்பார்? மழைக்காலம் வந்தால் மண்சரிவு எச்சரிக்கையும், இரவோடிரவாக வீட்டை விட்டுப் பாடசாலைக்குப் போவதும் நமக்குப் பழகிவிட்டன. அவ்வேளையில் நாய் என்னாகிறது? 2005ஆம் ஆண்டில் கத்ரினா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோது, வளர்ப்புப் பிராணியை விட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்தில் தங்கிவிட்டவர்கள் பலர். மீட்கப்பட்ட பிராணிகளிலும் பல, யாருடையவை என்று தெரியாததால் வீட்டாரிடம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே அந்நாடு, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டுமெனச் சட்டமியற்றியது. கழுத்தில் ஒரு பட்டியும், அதில் இன்றைய தொலைபேசி இலக்கமும் இருந்தால், சிதறிப்போன இரவுக்குப் பின்னும் ஒரு நாய் தன் வீட்டை அடையக்கூடும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

"சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறோம், நாய்க்குச் சிப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிப் பொருத்த வசதியில்லாதவரை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தடுப்பூசி முகாமில் நாய்க்கு ஊசி இலவசம். பழைய துணிப் பட்டியில் அழியாத மையால் இலக்கம் எழுதச் செலவில்லை. லயத்துக்குப் பொதுவான நாயானால், ஊசி அட்டையை இன்ன வீட்டார் வைத்திருப்பது என்று முடிவு செய்யப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். ஐந்து வீட்டார் சோறு போடலாம். பதில் சொல்ல ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டித் தேயிலை மலையிலும் கடைவீதியிலும் கொண்டு போய் விடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கொல்லவில்லையே என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். பசியாலும் லொறிச் சில்லாலும் சாகும்படி விடுவது வேறென்ன? தப்பிப் பிழைத்தவை குட்டி போட்டு, ஊசியில்லாத, பெயரில்லாத நாய்களாகப் பெருகி, நாம் அறியாத ஒரு பிள்ளையைக் கடிக்கின்றன. தாய் நாய்க்குக் கருத்தடை செய்வதே இதற்கு நேர்மையான வழி. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வாசகர்களே, இவ்வாரம் செய்யக்கூடியது மிகச் சிறிய காரியந்தான். உங்கள் நாயின் ஊசி அட்டையை எடுத்துத் திகதியைப் பாருங்கள். சிப் இருந்தால், பதிவில் உள்ள தொலைபேசி இலக்கம் இன்று உங்கள் கையிலிருக்கும் இலக்கந்தானா என்று பாருங்கள். பிரதேச சபையில் பதிவைப் பற்றி விசாரியுங்கள். எவரையாவது நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அங்கே வைத்தியர் "அது யாருடைய நாய்?" என்று கேட்கும்போது, அப்பிள்ளையின் தாய் விழித்துக்கொண்டு நிற்கும்படி விடாதீர்கள். உங்கள் நாயானால், நீங்களே கூடப் போய், "என்னுடையது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைத் துணிந்து சொல்லக்கூடியவரே நாய் வளர்க்கத் தகுதியுடையவர்.