மறந்தவர்க்கு ஆற்றும் கடன்

மறதி மனிதனுடன் பிறந்தது. மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் அரபுச் சொல், மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யான்’ என்னும் சொல்லின் வழி வந்தது எனக் கூறும் அறிஞர்களும் உளர். துன்பத்தை மறக்கிறோம்; அதனால் வாழ்கிறோம். பிறர் இழைத்த தீங்கை மறக்கிறோம். அதனால் உறவுகள் நிலைக்கின்றன. ஆனால், பெற்ற மகனின் முகத்தையே ஒரு தாய் மறந்துவிட்டால்? வாழ்ந்த வீட்டிலேயே அமர்ந்துகொண்டு, “என்னை என் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்” என்று அவர் கெஞ்சத் தொடங்கினால்? அப்போது மக்களின் கடமை யாது? அவரைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்ப்பது பாவமா, அல்லது சேர்க்காமல் வைத்திருப்பது பாவமா? இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று; நம் குடும்பத்திலிருந்தே வந்தது.

நம் பெரியம்மா கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்ந்து வருபவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவார். ஆதலால், முதுமை எய்திய தாய் தன் மகளின் கையிலேயே இருப்பார். அக்காள், தங்கை, சாச்சி, மாமி என்று அந்த வீட்டில் பத்துக் கைகள் இருந்த காலத்தில், ஒரு முதியவரின் சுமை எவருக்கும் சுமையாகத் தோன்றவில்லை. இன்று வீடு அப்படியே இருக்கிறது, கைகள்தாம் குறைந்துவிட்டன. பெரியம்மாவின் மூத்த மகன் மலேசியாவில். இளையவர் வளைகுடா நாட்டில். எஞ்சியவர் ஐம்பதைக் கடந்த, நீரிழிவு நோயுடைய மகள் ஒருவரே.

ஐந்தாண்டுகள் அம்மகள் தனியாகச் சுமந்தார். லுஹரை நான்கு முறை தொழுதுவிட்டு, “இன்னும் லுஹர் தொழவில்லையே” என்று பதறும் தாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கும் தாய். தம் நகையைத் திருடிவிட்டதாக மகளையே குற்றம் சாட்டும் தாய். நள்ளிரவில் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடும் தாய். ஒருநாள் இரவு, மூன்றாம் முறையாகப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்த மகள், தம்மை மறந்து தாயின் கையைத் தட்டிவிட்டு உரக்கக் கத்திவிட்டார். மறுநாள் அவர் நம்மிடம் அழுதுகொண்டே சொன்ன சொல் இன்றும் செவியில் நிற்கிறது: “நான் என் உம்மாவைப் பார்த்துச் ‘சீ’ என்று சொல்லிவிட்டேன்.”

அந்தச் சொல்லின் கனத்தை முஸ்லிம் இல்லங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், இறைவனையன்றி எவரையும் வணங்கலாகாது எனக் கட்டளையிட்ட அதே மூச்சில், பெற்றோருக்கு நன்மை செய்யுமாறும் கட்டளையிடுகிறது. அவர்கள் முதுமையை அடையும்போது, சலிப்பின் மிகச் சிறிய ஒலியைக்கூட அவர்கள்முன் எழுப்பலாகாது எனத் தடுக்கிறது. இளமைப் பெற்றோரைப் பற்றியன்று, முதுமைப் பெற்றோரைப் பற்றியே அத்தடை பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சலிப்பு எங்கே பிறக்கும் என்பதைப் படைத்தவன் அறிவான். அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்கு மனிதன் திருப்பப்படும் தள்ளாத வயதைப் பற்றியும் அதே மறை வேறிடங்களில் கூறுகிறது. அந்நிலையினின்று காக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆகவே இந்நோய் எவருடைய பாவத்திற்கும் தண்டனையன்று; மனித வாழ்வில் நேரக்கூடிய நிலைகளுள் ஒன்று. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர்.

குடும்பம் கூடியது, நாமும் அமர்ந்திருந்தோம். இளைய மகன் தொலைபேசியில் தயங்கித் தயங்கி, இல்லம் ஒன்றில் சேர்க்கலாமா என்றார். மூத்தவர் கொதித்தெழுந்தார்: “உம்மாவை இல்லத்தில் விடுவதா? ஊரார் என்ன சொல்வார்கள்?” அவரிடம் ஒரு வாதமும் இருந்தது. பெற்றோர் ‘உம்மிடத்தில்’ முதுமையை அடைந்தால் என்றுதானே திருமறை கூறுகிறது? பிறரிடத்தில் என்று கூறவில்லையே என்றார்.

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. தாயைக் கண்ணெதிரே வைத்துக் காப்பதே முதன்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டியிருந்தது. இந்த ஐந்தாண்டுகளில் பெரியம்மா மூத்த மகனிடத்திலா இருந்தார்? மலேசியாவிலிருந்து மாதந்தோறும் பணம் வந்தது. படுக்கையை மாற்றிய கை அவருடையதன்று. கடமையைப் பற்றி மிக உரத்துப் பேசியவரே கடமையிலிருந்து மிகத் தொலைவில் இருந்தார். நம் சமுதாயத்தில் இது புதிதன்று. தாயின் காலடியில் சுவனம் இருக்கிறதென்று மேடையில் முழங்கும் ஆண்மக்கள், அந்தக் காலடியைக் கழுவும் வேலையைச் சகோதரியிடமோ மனைவியிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள். மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மருமகள்மீது மார்க்கச் சட்டம் கடமையாக்கவில்லை என்பதே அறிஞர்கள் கூற்று. அவள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. கடமை பெற்ற மக்களுக்கே உரியது. மருமகளின் உழைப்பில் மகன் நன்மையை எண்ணிக்கொள்வது நீதியாகுமா?

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நாம் உணர்ந்தோம். பணி வேறு, கடமை வேறு. பணியைப் பகிர்ந்து கொடுக்கலாம்; கூலி கொடுத்தும் செய்விக்கலாம். கடமையை எவருக்கும் கைமாற்ற இயலாது. ‘உம்மிடத்தில்’ என்ற சொல் ஒரே கூரையின்கீழ் என்பதை மட்டும் குறிப்பதன்று. உம் பொறுப்பில் என்பதையும் குறிக்கும் என்றே நாம் கொள்கிறோம். ஓர் அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் தாய், ஒரே கூரையின்கீழ் இருந்தும் மகனிடத்தில் இல்லை. அன்றாடம் மக்கள் சென்று காணும் தாய், வேறொரு கூரையின்கீழ் இருந்தும் அவர்களிடத்திலேயே இருக்கிறார். எந்த ஆன்மாவையும் அதன் வலிமைக்கு மேல் இறைவன் சுமக்கச் செய்வதில்லை என்பதும் மறையின் வாக்கன்றோ? குழந்தையின் அழுகுரல் கேட்டு, அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். சுமப்பவரின் வலியையும் எண்ணிப் பார்ப்பதே அவர்கள் காட்டிய வழி.

இல்லம் என்பதே மேல்நாட்டார் கொண்டுவந்த இழிவு என்று கருதுவோர் நம் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். டமாஸ்கஸில் 1154இல் சுல்தான் நூருத்தீனும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் பெரும் மருத்துவ இல்லங்களை எழுப்பினார்கள். அலெப்போவில் 1354இல் நிறுவப்பட்ட இல்லத்தில் மனம் பேதலித்தோருக்கென முற்றங்களும் நீரூற்றுகளும் அமைத்தார்கள். நீரின் ஓசை கலங்கிய மனத்தை அமைதிப்படுத்தும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இத்தகைய இல்லங்கள் வக்ஃபு சொத்துகளின் வருவாயில் நடந்தன. அறிவு மங்கியோரைப் பேணுவது வீட்டின் கடமை மட்டுமன்று, சமுதாயத்தின் கடமையும் ஆகும் என்பதே அதன் பொருள்.

மேல்நாட்டு வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், இரயில்வே எழுத்தர் ஒருவர், வீட்டில் வைத்துப் பேண இயலாமற்போன தம் 51 வயது மனைவியை மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே அவரைக் கவனித்தவர் அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர். தம் பெயரையே எழுத இயலாமல் தவித்த அப்பெண்மணி, தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக அவரிடம் கூறினார். 1906இல் அப்பெண்மணி இறந்த பின், அவருடைய மூளையை ஆராய்ந்து அல்ஸைமர் கண்டறிந்ததைத் தொடர்ந்தே இந்நோய்க்கு அவர் பெயர் வழங்கலாயிற்று. இந்நோய் பெயர் பெறுவதற்கு முன்பே, நம் குடும்பம் எதிர்கொண்ட கேள்வியை அந்தக் கணவரும் எதிர்கொண்டிருக்கிறார்!

ஆயினும், சேர்ப்பது ஆகும் என்று முடிவு செய்வது பாதி வழியே. எங்கே சேர்ப்பது என்பதே மறுபாதி. அங்கேதான் கடமை தொடங்குகிறது. ஏனெனில், ‘சீ’ என்ற சொல்லை நாம் சொல்லாமல், நம்மிடம் கூலி பெறும் இன்னொருவர் சொன்னால், அது யாருடைய சொல்? நம் காதில் விழாத காரணத்தால் அது நம் சொல் ஆகாமற் போய்விடுமா?

நாம் முதலிற் பார்த்த இல்லத்தில் தரை பளபளத்தது. வாயிலில் பூச்செடிகள் நின்றன. பார்வையாளருக்கு முற்பகல் நேரத்தைக் குறித்திருந்தார்கள். நாமோ மஃரிபுக்குச் சற்று முன்பே சென்றோம். மறதிநோய் உள்ளோர் பொழுது சாயும் வேளையில் அதிகமாகக் கலக்கமுறுவர் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அங்கே ஒரு மூதாட்டி நாற்காலியோடு துணியால் கட்டப்பட்டிருந்தார். எழ முயன்றவரைப் பார்த்து, “சும்மா கிட, கிழவி” என்றது ஒரு குரல். நாம் வேறெதையும் கேட்காமல் திரும்பிவிட்டோம்.

இரண்டாவது இல்லம் ஒரு பழைய ஓட்டு வீடு. ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவு. அதை நடத்துவோர் முஸ்லிம்கள் அல்லர். அங்கே முதியவர் ஒருவர் பணிப்பெண்ணிடம், “என் மகன் எப்போது வருவான்?” என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் இருந்த நேரத்திற்குள் ஏழு முறை கேட்டார். ஏழாவது முறையும், முதல் முறை கேட்பதுபோலவே நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பெண் விடை சொன்னார். வேறு சான்றிதழ் எதுவும் நமக்குத் தேவைப்படவில்லை.

ஆயினும், கேட்க வேண்டியவற்றைக் கேட்டோம். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அடங்கியிருப்பதற்காகத் தூக்க மருந்து கொடுப்பதுண்டா? குளிப்பாட்டுவோர் பெண்களா? வாழ்நாள் முழுவதும் வெள்ளைத் துப்பட்டியின்றி வாசற்படி தாண்டாத ஒரு பெண்மணியின் மானம், அவர் அறிவு மங்கிய பின்னும் அவருடையதே. அதைக் காக்க அவரால் இயலாதபோது நாமல்லவா காக்க வேண்டும்? ஹலாலான உணவு கிடைக்குமா? அவர் தொழ விரும்பும்போது விரிப்பும் துப்பட்டியும் எடுத்துக் கொடுப்பார்களா? அறிவு நீங்கியவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. எனவே தொழ மறந்தால் வற்புறுத்தவும் வேண்டியதில்லை. நான்கு முறை தொழுதால் தடுக்கவும் வேண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, முன்னறிவிப்பின்றி எந்நேரமும் நாம் வரலாமா என்று கேட்டோம். வரலாம் என்றார்கள்.

செலவைப் பற்றியும் வெட்கமின்றிப் பேச வேண்டும். தாய்க்குச் சொத்து இருந்தால் முதலில் அதிலிருந்து. இல்லையேல் வசதிக்கேற்ப மக்கள் கொடுக்க வேண்டும். 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் வசதியுள்ள மக்கள்மீது இப்பொறுப்பைச் சுமத்துகிறது. கைவிடுவோருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு என்கிறது. ஆனால், அறிவு மங்கிய தாயின் பெருவிரலைப் பத்திரத்தில் பதித்துச் சொத்தை மாற்றிக்கொள்ளும் கொடுமை எந்தச் சட்டத்திற்கும் அடுக்காது. அறிவற்ற நிலையில் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது என்று நம் மார்க்கச் சட்டமும் கூறுகிறது.

பெரியம்மா அந்த ஓட்டு வீட்டில் இப்போது இருக்கிறார். மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் செல்கிறார். நன்றாக உறங்கி எழுந்து செல்வதால், அவருடைய குரலில் இன்று சலிப்பில்லை. மூத்த மகன் சென்ற ரமலானில் வந்தார். பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வாங்க தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை? சாப்பிட்டீங்களா?” என்றார். அவர் தலை குனிந்து அழுதார். பின்னர் என்ன செய்வதென்று அறியாமல், மெல்லிய குரலில் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதலானார். பெரியம்மாவின் உதடுகளும் உடன் அசைந்தன. ஒரு சொல்லும் பிசகாமல் இறுதிவரை ஓதி, ஆமீன் சொன்னார். மகனை மறந்தவர் அதை மறக்கவில்லை. இளமையில் ஓதிப் பதிந்தவை கடைசியாகவே கரையும் என்று மருத்துவர்கள் கூறுவர்.

யமன் நாட்டார் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவை வலம் வந்தார். தாய்க்குக் கைம்மாறு செய்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பேற்றின்போது அவள் விட்ட ஒரு மூச்சுக்கும் ஈடாகாது என்பதே கிடைத்த விடை. அந்தத் தாய்க்குத் தம்மைச் சுமப்பவர் மகன் என்பது தெரிந்திருக்கும். மறதிநோயுற்ற தாய்க்கோ அதுவும் தெரியாது. அவரிடமிருந்து நன்றி வராது. துஆவும் வராமற் போகலாம். நாம் வந்து போனதே அடுத்த நாழிகையில் அவர் நினைவில் இராது. அப்படியாயின் ஏன் போக வேண்டும் என்று கேட்பார் உண்டு. அதனாலேயே போக வேண்டும் என்கிறோம். எவரும் அறியாமல், எவரும் நன்றி கூறாமல், இறைவன் ஒருவனே சாட்சியாக நிற்கும் செயலுக்குத்தான் ‘இக்லாஸ்’ என்னும் தூய எண்ணம் என்று பெயர். நம்மை அறிந்த தாய்க்குச் செய்த பணியில் புகழாசை சற்றேனும் கலந்திருக்கலாம். நம்மை மறந்த தாய்க்குச் செய்யும் பணியில் அது கலக்க வழியில்லை.

நம் ஜமாஅத்துகள் அழகிய பள்ளிவாசல்களையும் திருமண மண்டபங்களையும் எழுப்புகின்றன. அவற்றோடு, முதியோரைப் பகலில் மட்டுமேனும் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு கூடத்தையும் திறந்தால், எத்தனை மகள்கள் பகலில் சற்றுக் கண்ணயர்வார்கள்! எத்தனை தாய்மார் தம் ஊரிலேயே பாங்கோசை கேட்டு இருப்பார்கள்! வக்ஃபுகளால் மருத்துவ இல்லங்களை நடத்திய முன்னோரின் வழி நமக்குத் தெரியாததன்று.

பெற்றோரின் முதுமையில் நம் நாவையும், நாம் அமர்த்தும் கைகளையும் காத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்வானாக! அவர்கள் நம்மை மறக்கும் நாளிலும், நாம் அவர்களை மறவாதிருக்கச் செய்வானாக! ஆமீன்.