மரம் நடுதல் என்றும் அறமாகுமா?

மரம் நடுதல் அறம் என்பது பொதுவான கருத்து. நீலகிரி, மூணாறு மலைப்புல்வெளிகளின் வரலாறு அதனை மறு ஆய்வு செய்யத் தூண்டுகிறது.

பயனற்ற நிலமெனக் கருதப்பட்ட அப்புல்வெளிகளில் எரிபொருளுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் நடப்பட்டன. மலையில் மரங்கள் பெருகின. வரையாடு மேய்ச்சல் நிலத்தை இழந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் வாழிடம் சுருங்கியது.

தொல்காப்பியம் மரத்தையும் விலங்கையும் திணைக்குரிய கருப்பொருளாக வைக்கிறது. ஓர் உயிரின் மதிப்பை அதன் நிலத்தோடு சேர்த்தே அறிதல் வேண்டும் என இதனை விரித்துக் கொள்ளலாம்.

அவ்வாறாயின் அயல்மரங்களை வெட்டுவது கடமையா? சில இடங்களில் முதிர்ந்த சீகையின் நிழலில் சோலைமரக் கன்றுகள் வளர்கின்றன. அங்கு வெட்டுதல் மற்றொரு தீங்காகும். ஆகவே, நல்லெண்ணத்தோடு நிலத்தின் இயல்பறிவும் சேர்ந்தாலன்றிச் செயல் அறமாகாது.