பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

“தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பது நாட்டிலே வழங்கும் பழமொழி. பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் தலையாட்டினோம். மாட்டுக்கு அது பொருந்துமோ என்னவோ, மனிதன் குடியிருக்கும் வீட்டுக்கும் அதைப் பொருத்துகிறார்களே, அங்கேதான் நம் நெஞ்சு நோகிறது. சர்க்கார் கட்டித்தந்த குடியிருப்பு பழுதாகிறது. கூரை உதிர்கிறது, கம்பி பல்லிளிக்கிறது. இடித்துக் கட்டவோ செப்பனிடவோ திட்டம் வருகிறது. “எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்று குடியிருப்போர் சொன்னால், “இனாமாக வந்த வீட்டுக்கு இத்தனை பேச்சா?” என்று ஏளனம் எழுகிறது. கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டா, இல்லையா?

புதுவைக்கு இக்கேள்வி புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் இந்நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாக்கி நின்றது. கடலோரம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கினார்கள். அந்த மூன்று சொற்களுக்கும் வாய்க்காலைத் தாண்டத் தெம்பில்லை! யார் எங்கே குடியிருப்பது என்பதை மேலே இருந்தவர் தீர்மானித்தார். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. அந்த மனப்பான்மையும் அன்றே கப்பலேறிற்றா?

2017இல் புதுவை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வாயிற்று. அதன்கீழ், குமரகுருபள்ளத்தில் பழைய குடியிருப்பு இடிக்கப்பட்ட இடத்தில் பன்மாடிக் கட்டிடம் எழுந்தது. புதுக்கட்டிடம் வேண்டாம் என்போரல்லர் நாம். விரிசல் விட்ட சுவரின் கீழே ஏழையைக் கிடத்தி வைப்பது பரிவன்று, பாதகம். ஆனால் எந்த ஊரிலும் இடிக்கும் நாளுக்கும் திரும்பக் குடியேறும் நாளுக்கும் இடையே காலம் நீண்டு கிடக்கிறதே, அந்தக் காலத்தில் மீன் விற்கும் தாய் எங்கே போவாள்? வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நமக்கு விடை ஓரளவு தெரியும். மலிந்த வாடகை தேடிக் குடும்பம் ஊரோரம் போகும். பிள்ளையின் பெயருக்கு நேரே முதலில் சில நாள் ‘வரவில்லை’ என்ற குறி. பிறகு பெயர் மீதே சிவப்பு மையில் ஒரு கோடு. எந்த மதிப்பீட்டிலும் இந்தக் கோட்டுக்குச் செலவுத் தலைப்பு கிடையாது.

“குடியிருப்போருக்கு என்ன தெரியும்? பொறியாளரன்றோ படித்தவர்!” என்பார்கள். லண்டனிலே கிரென்ஃபெல் கோபுரம் என்றொரு குடியிருப்பு, 24 மாடிகள், நகராட்சிக்குச் சொந்தம். படித்தவர்கள் கூடி அதைப் புதுப்பித்து 2016இல் முடித்தார்கள். வெளிச்சுவருக்குப் பளபளப்பான மேலுறை. அதனுள்ளே எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக். தீ குறித்த அச்சத்தை அங்கே வாழ்ந்தோர் எழுதி எழுதிச் சொன்னார்கள். தொல்லைக்காரர்கள் என்ற பட்டம்தான் கிடைத்தது. 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீயில் மாண்டவர் 72 பேர். அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்பதை 2024இல் விசாரணைக் குழு சொல்லிற்று. செவி கொடுக்க ஏழாண்டு!

நம் பக்கத்திலேயே பாருங்கள். சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 2021 டிசம்பர் 27 அன்று, 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டிடம் தரைமட்டமாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. சுவரில் விரிசல் கண்ட குடியிருப்போர் அதை அலட்சியம் செய்யாமல் முன்னரே வெளியேறியிருந்தார்கள். அச்சுவரோடு நாள்தோறும் வாழ்ந்த கண்களுக்கு அது பேசிற்று. இந்தக் கண்களைத்தான் ‘ஒன்றும் அறியாதவை’ என்கிறோம்.

தானம் என்கிறார்களே, யார் பொருளை யார் தானம் செய்வது? தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் வரி கொடுக்கிறான். கட்டியது ஊர்ப்பணம். தானமே என்று வைத்துக்கொண்டாலும், கொடுத்தவன் பெற்றவனின் வாயையும் சேர்த்தா வாங்கிக்கொள்கிறான்?

இங்கே ஓர் இக்கட்டு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நூறு குடும்பத்தில் ஒன்று மட்டும் நகர மறுத்தால்? நாளை விழக்கூடிய கூரையின் கீழே இன்று மாநாடு கூட்ட முடியுமா? முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் வெளியேற்றத்தான் வேண்டும் என்பதே நம் முடிவு. சற்றுத் தயங்கியே இம்முடிவுக்கு வந்தோம். ஆனால் வெளியேற்றும் அவசரம், திரும்பி வரும் உரிமையை விழுங்கிவிடக் கூடாது. கடப்பாரை வருமுன் கையிலே ஒரு பத்திரம் வரட்டும்: திரும்ப இந்த இடத்தில் இன்னாருக்கு வீடு, அதுவரை மாத வாடகைக்கு இவ்வளவு தொகை என்று. கேட்பது என்றாலும் வட்டாரப் பிரமுகர் இருவரை நாற்காலியில் அமர்த்திக் கேட்பதன்று. குடம் சுமந்து படியேறுபவளைக் கேட்க வேண்டும். அவள் வேலை முடிந்து வரும் வேளையில் கேட்க வேண்டும்.

ஒருமுறை வகுப்பில், “உங்கள் வீட்டை வரையுங்கள்” என்றோம். இடிக்கப்படவிருந்த குடியிருப்பிலிருந்து வந்த சிறுவன் சுவரே போடவில்லை. ஒரு வாசற்படி, அதன்மேல் கருவாடு ஆயும் பாட்டி, பக்கத்தில் குழாய். அவ்வளவுதான் அவன் வீடு. “ஐயா, அஞ்சாம் மாடியில் வீடு கொடுத்தால் பாட்டி எங்கே உட்காரும்?” என்றான். வரைபடம் தீட்டுபவரிடம் கேட்க வேண்டியதை நம்மிடம் கேட்டான். அவனுக்குக் கிட்டியவர் நாம்தாமே.