ஆல்காட்டின் பௌத்தம்

முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படைக் குடும்பங்களுக்கு நடுவே வசிக்கிறேன். பக்கத்து வீட்டு பீகார் அம்மா ஆடி வெள்ளியில் கூழ் வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார். தலையில் முக்காடு, நெற்றியில் நம்மூர் அம்மன் குங்குமம். வந்த ஊரின் சாமியைக் கும்பிடுவது பக்தியா, வெறும் மரியாதையா?

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். 1832இல் நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கர். 1880 மே மாதம் இலங்கையின் காலி நகரில், பிரம்மஞான சபைத் தோழர் பிளாவட்ஸ்கியோடு பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். 1882 கடைசியில் அடையாறுக்கு வந்தவர், 1907இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1881இல் அவர் எழுதிய பௌத்த வினாவிடை, கிறிஸ்தவப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஞானோபதேசத்தின் அச்சு. புத்தருக்கு அமெரிக்கச் சட்டை மாட்டிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியை இலங்கைப் பௌத்தத் துறவி ஹிக்கடுவே சுமங்கல தேரர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சிட்டார். வெறும் மரியாதைக்கு இவ்வளவு பணிவு தேவையில்லை.

1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அயோத்திதாசர் அவரை அணுகினார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், அந்த மதத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் வழக்கு. ஆல்காட் துணையோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். பிறகு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. ஆல்காட்டின் பக்தியை எடைபோட வேண்டுமானால், அந்தச் சங்கத்தில் கூடிய தமிழர்களிடமிருந்துதான் நான் தொடங்குவேன்.