இருக்கும்போதே

பெரிய ஆட்டக்காரர்கள் போனார்கள், அணி படுத்துவிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா பில்லீஸ் பேஸ்பால் அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் கதையை முடிப்பார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. 2011-ல் 162 ஆட்டங்களில் 102 வெற்றி. அணியின் வரலாற்றிலேயே அதிகம். மறு ஆண்டு 81. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 73. இந்த மூன்று ஆண்டும் ஜிம்மி ராலின்ஸ், சேஸ் அட்லி, ரயன் ஹாவர்ட், கோல் ஹேமல்ஸ் நால்வரும் அதே சீருடையில்தான் இருந்தார்கள். நால்வரில் முதலில் வெளியேறியவர் ராலின்ஸ். அதுவே 2014 டிசம்பரில்தான்.

ஆக, அவர்கள் இருக்கும்போதே அணி விழுந்தது. விழுந்த பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பால் மீது தனி மோகம் கிடையாது. இந்த ஓர் அணியின் இந்தச் சில ஆண்டுகள் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் வயது. வேலை பார்க்கும் இடத்தில் நான் இப்போது மூத்தவர்களில் ஒருவன். "சார் இல்லேன்னா இங்க ஒண்ணும் ஓடாது" என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் மனம் குளிரும். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அந்த நால்வரும் வெளியிலிருந்து வாங்கிவரப்பட்டவர்கள் அல்லர். ராலின்ஸ் 1996-லும், அட்லி 2000-லும், ஹாவர்ட் 2001-லும், ஹேமல்ஸ் 2002-லும் அணி தேர்ந்தெடுத்த பையன்கள். சிறு ஊர்களில் மைனர் லீக் ஆட்டங்களில் அடிபட்டுப் பழகி மேலே வந்தார்கள். 2006-ல் ஹாவர்ட் 58 ஹோம் ரன் அடித்தார். 2008-ல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வந்தது, 28 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு தகவல் போதும்: அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் முதலில் பத்தாயிரம் தோல்விகளை எட்டிய அணி பில்லீஸ்தான். அது 2007-ல், கோப்பைக்கு முந்தைய ஆண்டு.

கோப்பை வந்ததும் இன்னொன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. யாருக்குத்தான் வராது? ராய் ஹாலடே, ராய் ஓஸ்வால்ட், ஹண்டர் பென்ஸ் என்று பெரிய பெயர்களைக் கொண்டுவந்தார்கள். பதிலுக்கு மைனர் லீக்கில் வளர்ந்துகொண்டிருந்த பையன்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்தார்கள். விதைநெல்லைக் குத்திப் பொங்கிய விருந்து அது. விருந்து நன்றாகத்தான் இருந்தது. 102 வெற்றி அதில் வந்ததுதான்.

2010 ஏப்ரலில் ஹாவர்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 12.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். கையிலிருந்த ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு சீசன் இருந்தது. புதியது 2012-ல்தான் தொடங்கும். 2011 அக்டோபர் 7 அன்று, வென்றால்தான் அடுத்த சுற்று என்ற ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் 1-0 என்று தோற்றார்கள். கடைசியாக மட்டை பிடித்தவர் ஹாவர்ட். பந்தை அடித்துவிட்டு ஓடத் தொடங்கியவர் குதிகால் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். புதிய ஒப்பந்தத்தின் முதல் நாள் இன்னும் வரவில்லை. பழைய ஹாவர்டும் அதன்பின் வரவில்லை. அட்லிக்கு முழங்கால்கள் முன்பே தகராறு செய்துகொண்டிருந்தன.

அந்த ஒப்பந்தத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமக்கு நல்ல நாட்களைக் கொடுத்த மனிதனின் வயதை நம் கண் பார்ப்பதில்லை. நேற்று அவன் செய்ததைத்தான் பார்க்கிறது. வீட்டுக்கு வீடு, நிறுவனத்துக்கு நிறுவனம் இதுதான் நடக்கிறது.

அப்படியென்றால் கறாராக எல்லாரையும் அனுப்பிவிடலாமா? அதையும் அதே ஊர் பார்த்திருக்கிறது. பிலடெல்பியாவில் அந்தக் காலத்தில் அத்லெடிக்ஸ் என்று இன்னோர் அணி இருந்தது. கோனி மேக் அதன் மேலாளர், பங்குதாரரும்கூட. 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் கோப்பை. 1914-ல் இறுதிவரை வந்து தோற்றார்கள். போட்டியாக முளைத்த ஃபெடரல் லீக் சம்பளத்தை ஏற்றிவிட, ஈடுகொடுக்க மனமில்லாத மேக் சிலரைப் போகவிட்டார், சிலரை விற்றார். எடி காலின்ஸ் சிகாகோவுக்குப் போனது அப்படித்தான். 1914-ல் 99 ஆட்டம் வென்ற அணி 1915-ல் 43, 1916-ல் 36. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம்.

பிடித்துவைத்தவர்களும் விழுந்தார்கள், விரட்டியவரும் விழுந்தார். இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றுதான்: மூத்தவரும் இளையவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் சில ஆண்டுகள். ஹேமல்ஸின் கடைசி நாட்களைப் பாருங்கள். 2015 ஜூலை 21 அன்று ஆரன் நோலா என்ற 22 வயதுப் பையன் பில்லீஸுக்காக முதன்முதலாகப் பந்தெறிந்தான். நான்கு நாள் கழித்து ஹேமல்ஸ் சிகாகோவில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். ஜூலை 31 அன்று அவரை டெக்சாஸுக்கு மாற்றிவிட்டார்கள். இருவரும் ஒரே அணியில் இருந்தது பத்தே நாள். பத்து நாளில் என்னத்தைக் கற்றுக்கொள்வது?

போவது எப்போது என்பதை மூத்தவரிடமே விடலாமா என்பது இன்னொரு சிக்கல். பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்பது அங்கே விதி. நல்ல விதி, மனிதனை மூட்டை போல் தூக்கிப்போட முடியாது. 2014 ஜூனில் மைக் ஷ்மிட்டின் 2,234 ஹிட் என்ற அணிச் சாதனையை ராலின்ஸ் தாண்டினார். டிசம்பரில் சம்மதித்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். அடுத்த ஆகஸ்டில் அட்லியும் அதே டாட்ஜர்ஸுக்கு. 2016 ஆகஸ்டில் எதிரணிச் சட்டையில் அட்லி பிலடெல்பியாவுக்குத் திரும்பி வந்து, ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். கூச்சல் போட்டு வைவதற்குப் பேர்போன அந்த ஊர் ரசிகர்கள், தங்கள் அணிக்கு எதிராக அடித்தவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். நன்றி சொல்ல 12.5 கோடி டாலர் தேவையில்லை என்று எனக்குப் பட்டது அதைப் படித்தபோதுதான்.

நான் பார்க்கும் வேலையைக் கூட இருந்து பழக ஓர் இளையவரைக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். "இப்ப என்ன சார் அவசரம்?" என்கிறார்கள். திரும்பவும் கேட்பேன்.

2011-க்குப் பிறகு பில்லீஸ் மறுபடி பிளே ஆஃபுக்குள் நுழைந்தது 2022-ல். 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிரைஸ் ஹார்ப்பரைக் கொண்டுவந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அந்த இடத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் பந்தெறிந்தவர், அணி நொறுங்கிக்கிடந்த 2014-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நோலா.