கைகொடுப்பதன் எல்லை

முன்னேஸ்வரத்துத் திருவிழாக் காலத்தில், முன்னைநாதர் சந்நிதியில் திருநீற்றுக்காக நீளும் கைகளில் எது தமிழர் கை, எது சிங்களவர் கை என்று நம்மால் சொல்ல முடியாது. பாரிசவாதம் வந்தவரின் கை மட்டும் தனித்துத் தெரியும். வலக்கை மார்போடு மடங்கிக் கிடக்க, இடக்கையை நீட்டுவதா வேண்டாமா என்று அவர் ஒரு கணம் தயங்குவார். உண்ணவும் கொடுக்கவும் வாங்கவும் வலக்கையே என்று வாழ்ந்தவருக்கு அந்தத் தயக்கம் உடம்பின் நோவைவிடப் பெரிது. மனிதர் நடுவே தமக்கிருந்த இடமே போய்விட்டதாக எண்ணிவிடுகிறார்.

நோய் வந்த முதல் நாட்களைச் சிலாபம் வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும். நீண்ட பயிற்சிக்கு, புத்தளம் ரயில் பாதை பிரியும் ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் விரல் திரும்பவும் அசைய வேண்டுமானால் ஒரே அசைவை நாள்தோறும் பல தடவை, மாதக்கணக்கில் செய்தாக வேண்டும். அவ்வளவும் வைத்தியசாலையில் நடவாது. வீட்டு விறாந்தையில்தான் நடக்கும். ஆகவே வெளிநாட்டிலிருக்கும் மகன், காற்றடைத்து விரல்களை விரிக்கும் கையுறை ஒன்றை வாங்கி அனுப்புகிறான். அதில் அன்பு இருக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவும் இருக்கிறதா?

விறைத்து மூடிய கைக்கு ஓர் இயல்பு உண்டு. மெல்ல விரித்தால் இணங்கும். வேகமாக இழுத்தால் அந்த வேகத்துக்கேற்ப எதிர்க்கும். இதைவிட ஆபத்தானது, பலருக்கு அந்தக் கையில் உணர்ச்சியும் குறைந்துபோயிருப்பது. தோல் உராய்ந்தாலும் மூட்டு திருகினாலும் அறியமாட்டார்கள். போதும் என்று சொல்ல வேண்டிய வலி அங்கே ஊமையாகக் கிடக்கிறது.

கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் இந்த ஊமைத்தனத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். தொழுநோயாளரின் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாத கை தன்னைத்தானே சிதைத்துக்கொள்கிறது என்று கண்டவர். பின்னாளில் அமெரிக்காவில் அவரும் கூட்டாளிகளும் செயற்கை வலியொன்றை உண்டாக்கப் பார்த்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் கருவி எச்சரிக்கும். முதலில் ஒலியால், அது போதாதபோது மின்னதிர்ச்சியால். நோயாளிகள் என்ன செய்தார்கள்? காரியம் ஆக வேண்டியபோது இணைப்பைத் துண்டித்துவிட்டு, முடிந்ததும் மாட்டிக்கொண்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது.

வெற்றிக் கதைகளைவிட இந்தத் தோல்வியை நாம் கவனமாகப் படிக்க வேண்டும் என்பேன். அணைத்துவிடக்கூடிய எச்சரிக்கை வெறும் அறிவுரை. அறிவுரைக்கு நாம் எவ்வளவு கட்டுப்படுகிறோம் என்பது நமக்கே தெரியும். விரல் போகக்கூடாத கோணத்துக்குத் தடை கருவியின் எலும்பிலேயே இருக்க வேண்டும். மிஞ்சிய அழுத்தம் தர வலுவற்றதாகவே மோட்டார் அமைய வேண்டும். நிறுத்தும் பொத்தானோ நல்ல கை எட்டும் இடத்தில், நோயாளியின் அதிகாரத்தில் இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரம் போன கணத்தில் விரல்களைப் பிடித்தபடியே உறைந்துபோகும் பொறியும், தானே நெகிழ்ந்து விட்டுவிடும் பொறியும் வேறு வேறு அறம் உடையவை.

தசையைக் காப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுகிறதா? எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர், உணர்ச்சி நரம்பு அறுபட்ட குரங்கு அந்தக் கையை அடியோடு மறந்துவிடுவதையும், நல்ல கையைக் கட்டிவைத்தால் மறந்த கையை மீண்டும் எடுப்பதையும் கண்டார். (அச்சோதனைகளின் கொடுமை நீதிமன்றம் வரை போனது, அது வேறு விசாரணை.) கை இறந்திருக்கவில்லை, பயன்படாமலிருக்கப் பழகியிருந்தது. பாரிசவாதத்திலும் இது உண்டு என்பதை, 222 நோயாளிகளோடு நடந்து 2006இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது: நல்ல கையைக் கையுறையால் முடக்கி, நோயுற்ற கையை இரண்டு வாரம் உழைக்க வைத்தபோது கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. ஆனால் விரல்களில் சிறிதேனும் அசைவு எஞ்சியிருந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள்.

அப்படியானால், பார்த்துப் பார்த்துச் சோறூட்டும் மனைவியும் சட்டைப் பொத்தான் பூட்டிவிடும் மகளும் எதைச் செய்கிறார்கள்? விரலைத் தானே முழுதும் விரித்துவிடும் கையுறை எதைச் செய்கிறது? பொறி உழைக்க உழைக்க, மூளை முயற்சியைக் குறைத்துக்கொள்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ என்ற சிறு பயிற்சிக் கருவியில் ஒரே மோட்டார்தான்; மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் விரல்களுக்கும் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்துகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, இத்தகைய கருவிகளுக்கு ஆதாரமான கொள்கை: நோயாளி முயன்று எட்டாத மிச்சத்துக்கு மட்டும் உதவு, அவர் தேறத் தேற உன் பங்கைக் குறைத்துக்கொள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்ல கையின் பிம்பத்தை நோயுற்ற கையின் இடத்தில் காட்டும் அது, கையைத் தொடுவதே இல்லை.

தொடும் பொறியிலிருந்து தொடாத கண்ணாடிவரை வந்து பார்க்கும்போது, பிள்ளைக்குப் பெற்றோரும் மாணவருக்கு ஆசிரியரும் வறியவருக்கு வசதியுள்ளவரும் நலிந்த சமூகத்துக்கு அரசும் நீட்டுகிற ஒவ்வொரு கையும், தான் தாங்குகிறவரின் முயற்சி தொடங்கும் இடத்தை அறிந்து அங்கே பின்வாங்கும் அளவுக்கே அவரைக் காக்கிறது என்பதும், அந்த இடத்தைக் கடந்து நீளும் கருணை எவ்வளவு மென்மையானதாயினும் அவருடைய ஆற்றலை அவரிடமிருந்தே மறைத்துவிடுகிறது என்பதும் நமக்குப் புலப்படுகின்றன.

இதிலும் ஒரு கடினம் மிஞ்சுகிறது. எல்லாக் கைகளும் திரும்புவதில்லை. மாதங்கள் ஆண்டுகளாகியும் விரல் விரியாதபோது, பயிற்சியை விடாதே என்று வீடே சூழ்ந்து நின்று வற்புறுத்துவதும் எல்லை கடந்த உதவிதான். இடக்கையால் உண்ணவும் எழுதவும் கற்றுக்கொள்கிறேன், இந்தக் கையைச் சுத்தமாகவும் புண்ணில்லாமலும் வைத்திருந்தால் போதும் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். அதைச் சோம்பலென்று எண்ணாமல் கேட்டுக்கொள்ள வீட்டாருக்கும் சிகிச்சையாளருக்கும் மனம் வேண்டும். நிறுத்தும் பொத்தானை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோமென்றால், இதற்காகவும் அவர் அதை அழுத்தக்கூடும் என்று ஒப்புக்கொண்டுதான் வைத்திருக்கிறோம்.