அரிப்பு அடங்கினால் போதுமா?

ஒரு மருந்து ‘கேட்டது’ என்று எப்போது சொல்லலாம்? முழங்கையிலும் முழங்காலிலும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, இரத்தம் கசியும்வரை சொறியவைக்கும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற தோல்நோய் இந்தக் கேள்வியைத் தவிர்க்க விடுவதில்லை. கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன்தான் இதைக் கிளப்பிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டூரிங் 1884இல் நோயை விவரித்தார். இந்த நோயாளிகளின் சிறுகுடலும் பழுதுபட்டிருப்பதை 1966இல்தான் கண்டார்கள். பலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் தெரிவதில்லை. உடம்புக்குள் நடப்பதை உடம்புக்கு உரியவரே உணராத நோய் இது.

இதற்கு நன்மை தரும் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை நல்லது என்போரின் தர்க்கத்தை நான் மதிக்கிறேன். நம் செரிமான நொதிகளால் முழுக்க உடைக்க முடியாத குளூட்டன் துண்டுகளைச் சில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கவைக்கும்போது உடைத்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை இது. ஆகவே குடலிலும் உடைக்கும், தோலும் ஆறும் என்பது கருதல். நம் தர்க்க மரபு கருதலையும் ஓர் அளவையாக ஏற்றது. ஆனால் கண்டதற்கும் கருதியதற்கும் இடையே மாறாத தொடர்பு இருந்தால்தான் அது செல்லும். நெடுநேரம் ஓரிடத்தில் புளிக்கும் மாவுக்கும், உணவு நகர்ந்துகொண்டே இருக்கும் குடலுக்கும் அந்தத் தொடர்பை இன்னும் யாரும் நிறுவவில்லை. அர்ஜென்டினாவில், குளூட்டனால் சிறுகுடல் பழுதுபடும் சீலியாக் நோய் உள்ள 22 பேரிடம் மூன்று வாரம் பிஃபிடோபாக்டீரியம் என்ற புரோபயாட்டிக் பாக்டீரியாவைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். செரிமானத் தொல்லை குறைந்தது. குடல்சுவரின் கசிவு குறையவில்லை. அதுவும் குடலைப் பற்றிய சோதனை, தோலைப் பற்றியதன்று.

“எனக்குக் கேட்டதே!” என்பவரின் நிம்மதியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குளூட்டனை அடியோடு விலக்கிய பிறகும் தோல் தெளியப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். இடையில் நோய் தானாகவே ஏறும், இறங்கும். பத்தியமும் மாத்திரையும் சேர்ந்து தொடங்கினால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இன்னொன்றையும் எண்ண வேண்டும்: டாப்சோன் மாத்திரை சில நாட்களிலேயே அரிப்பை அடக்கும், குடலை ஆற்றாது. கண்ணெதிரே கிடைக்கும் நிவாரணம்கூட வேர் வெட்டப்பட்டதற்குச் சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கெடுதல் இல்லையென்றால் சாப்பிட்டுப் பார்க்கட்டுமே என்பார்கள். வேதனையில் இருப்பவரிடம் ‘பொறுத்திரு’ என்பது கொடுமை என்பதும் சரியே. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் 22 புரோபயாட்டிக் பொருட்களைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் குளூட்டன் இருந்தது. பெரும்பாலானவற்றில் சிறிதளவுதான் என்றாலும், விலக்க வேண்டிய பொருளே மருந்துப் புட்டிக்குள் இருந்தது. மாத்திரையை நம்பிப் பத்தியத்தைத் தளர்த்துவோருக்கு இழப்பு இன்னும் பெரிது. ஒரே பத்தியத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்குப் புரோபயாட்டிக்கும், மீதிப்பேருக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்து, யாரால் டாப்சோன் அளவை முன்னதாகக் குறைக்க முடிகிறது என்று இரண்டு ஆண்டுகள் பார்க்கட்டும். அதில் புரோபயாட்டிக் வென்றால் மறுநாளே அதை ஏற்றுக்கொள்வேன்.